ஸ்லின்ட்டின் 'ஸ்பைடர்லேண்ட்': அப்படி என்னதான் இருக்கிறது?

வட்டத்தட்டு:
போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்துக்கொண்டே வழக்கமான பாட்டு வடிவத்தை விட்டு விலகும் இசை) பற்றி எங்கே படித்தாலும் அமெரிக்கக் குழுவான ஸ்லின்ட்டின், 1991இல் வந்த இந்த ஆல்பத்தின் பெயர் முதலில் வந்து நிற்கிறது. ஆறே பாட்டு, நாற்பது நிமிடம்கூட இல்லை, கேட்டுவிட்டேன். ஒருவர் ஏதோ கதையை முணுமுணுக்கிறார், கிட்டார் மெதுவாக நகர்கிறது, திடீரென்று காது கிழிகிறது, மறுபடி அடங்குகிறது. பின்னால் வந்த மோக்வாய், காட்ஸ்பீட் போன்ற போஸ்ட்-ராக் குழுக்களை எல்லாம் கேட்டுப் பழகிய எனக்கு இதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. உண்மையிலேயே பெரிய ஆல்பமா, இல்லை எல்லோரும் சொல்லிச் சொல்லியே பெரிதாகிவிட்டதா?

ஆறாம்தந்தி:
பேரனைப் பார்த்துவிட்டு தாத்தாவைப் பார்த்தால் 'அதே மூக்கு' என்றுதான் தோன்றும் நண்பரே. கென்டக்கியின் லூயிவில் நகரத்தில், இருபதை ஒட்டிய வயதில் நான்கு பேர், 1990 ஆகஸ்டில் சிகாகோ போய் ஒலிப்பதிவாளர் பிரையன் பால்சனிடம் பதிவு செய்தது இது. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது, அப்புறம் யார் மேடை ஏறி விளம்பரம் செய்வது? ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் இசை வார இதழில் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார் (ஸ்லின்ட்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவரே அவர்தான், அதனால் கொஞ்சம் சொந்தப் பாசமும் இருக்கலாம்). மற்றபடி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்த்தான் பரவியது.

நள்ளிரவுஎஃப்எம்:
வரலாறு சரி, ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லையே. அடங்கி வெடிப்பதை பிக்ஸீஸ் என்ற அமெரிக்க ராக் குழு முன்பே செய்துவிட்டது. ஸ்லின்ட்டின் சொத்து வெடிப்பே அல்ல, அதைத் தராமல் இழுத்தடிப்பதுதான். 'டான், அமன்' பாட்டில் டிரம்ஸே கிடையாது, கிட்டாரும் கிசுகிசுப்பும் மட்டும். அதுவும் டிரம்மர் பிரிட் வால்ஃபோர்டே எழுதிப் பாடியது! கூட்டத்தில் ஒட்டாத ஒருவனைப் பற்றிய கதை, எந்த நேரத்தில் என்ன ஆகுமோ என்று வயிற்றைக் கலக்கும். 'நாஸ்ஃபெராட்டு மேன்' தாளத்தை ஐந்து ஐந்தாக எண்ணிப் பாருங்கள், கால் தட்டவே விடமாட்டார்கள். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பதற்றத்தை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் உங்களுக்கு எல்லாம் ஒன்றுபோல் கேட்கிறது.

பழையகேசட்:
புதிர்தான் பாதி மவுசு என்பேன். பாடகர் வில் ஓல்டம் எடுத்த அந்த அட்டைப்படத்தைப் பாருங்கள், குவாரித் தண்ணீரில் நான்கு தலைகள் மட்டும். இதில் குழு வேறு காணாமல் போய்விட்டது. ஆனாலும் வெறும் புதிர் இத்தனை வருடம் தாங்காது. 2021இல் 'பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு' என்ற இங்கிலாந்துக் குழு தங்களையே உலகின் இரண்டாவது சிறந்த ஸ்லின்ட் நகல் என்று பாட்டிலேயே கிண்டலடித்துக்கொண்டது.

வட்டத்தட்டு:
சரி, வேறு வேலை செய்துகொண்டே ஓடவிட்டதுதான் பிரச்சினையோ என்னவோ. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

நள்ளிரவுஎஃப்எம்:
ஹெட்ஃபோனில் 'குட் மார்னிங், கேப்டன்'. வரிகளைப் படித்துக்கொண்டே கேளுங்கள். கப்பல் உடைந்த பிறகு ஒரு கதவைத் தட்டும் மாலுமி, உள்ளே ஒரு குழந்தை. பாடகர் பிரையன் மெக்மஹன் பாட்டு முழுக்கக் குரலை உயர்த்தாமல் வைத்திருப்பது கடைசி நிமிடத்துக்காகத்தான். சத்தத்தை முதலிலேயே கூட்டி வைத்துவிடாதீர்கள்.