ஸ்காட்லாந்து ஜூனியர் கால்பந்து லீக்கை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (கிளாஸ்கோ)

செல்டிக், ரேஞ்சர்ஸ் மாதிரிப் பெரிய கிளப்புகளைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, ஜூனியர் ஆட்டங்களுக்கு வாரா வாரம் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா என்பதுதான். நான் 2018–19 பருவத்தைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் உங்களுடையதைச் சேருங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வரி: இது பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம் இல்லை. வாரம் முழுக்க பிளம்பர், வாத்தியார், லாரி டிரைவர் என்று உழைத்துவிட்டுச் சனிக்கிழமை பூட்ஸ் மாட்டும் ஆட்கள். 1886-இல் தொடங்கிய தனிச் சங்கம், அதற்கென்று தனிக் கோப்பை. 1951-இல் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஹாம்ப்டன் பார்க்குக்கு 77,650 பேர் வந்திருக்கிறார்கள். பீட்டர்ஸ்ஹில்லும் இர்வின் மெடோவும் மோதிய ஆட்டம் அது.

என்னை இழுத்துப்போனவர் கூட வேலை பார்த்த ஒருவர். ஊர் ஆக்கின்லெக், கிழக்கு ஏர்ஷயர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப் பல வருஷம் ஆகிவிட்ட பகுதி. சுரங்கம் போனாலும் கிளப் போகவில்லை. கிளப்பின் பெயர் ஆக்கின்லெக் டால்பட், டால்பட் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஜூனியர் கோப்பையைப் பத்து முறைக்கு மேல் வென்ற அணி, அதில் 1986, 87, 88 தொடர்ந்து மூன்று. பக்கத்து ஊர் கம்னாக், கூப்பிடு தூரம். இந்த இரண்டு அணிகள் மோதும் நாளில் நண்பர் தன் சொந்த மச்சானோடு பேசமாட்டார். மச்சான் கம்னாக்காரர்.

அந்தப் பருவத்தில் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது ஜனவரி 19-ஐ. பெரிய கிளப்புகளும் ஆடும் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஏர் யுனைடெட், நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அணி, டால்பட்டின் மைதானமான பீச்வுட் பார்க்குக்கு வந்தது. கடைசிக் கால் மணி நேரத்துக்குள் கிரெய்க் மெக்ராக்கன் தலையால் முட்டியது உள்ளே போனது. 1–0. அடுத்த சுற்றில் ஹார்ட்ஸ் மைதானத்தில் நாலு கோல் வாங்கித் திரும்பினார்கள், அது வேறு கதை.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த நாள் ஜூனியர் கால்பந்தே இல்லை. கேமரா, போலீஸ், கூட்டம் எல்லாம் வெளியிலிருந்து வந்தது. உண்மையான பருவம் மழையில்தான் நடக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சனிக்கிழமை காலை எழுந்ததும் போனைத்தான் பார்க்க வேண்டும்: மைதானப் பரிசோதனை முடிந்ததா, ஆட்டம் உண்டா இல்லையா. ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க கமிட்டிக்காரர் ஒருவர் கோல் முகப்பில் நின்று தோட்டத்து முள்கரண்டியால் தரையைக் குத்திக் குத்திக் தேங்கியிருந்த தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். நடுவர் வந்தார், பந்தை இடுப்புயரத்திலிருந்து போட்டார். அது எழும்பாமல் அப்படியே உட்கார்ந்தது. தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, குத்துவதையும் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு ஆகட்டும் என்று இருக்கலாம்.

இப்படித் தள்ளிப்போனதெல்லாம் ஏப்ரல், மே மாதத்தில் வட்டியோடு வந்து நிற்கும். செவ்வாய், வியாழன், சனி என்று ஆட்டம். நிறைய மைதானங்களில் விளக்கு கிடையாது, அதனால் வெளிச்சம் நீளும் வரை காத்திருந்து மாலை ஆறரைக்குத் தொடங்குவார்கள். வேலைத்தளத்திலிருந்து நேராக வந்த ஒரு டிஃபெண்டர், பளபளக்கும் மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் உடைமாற்றும் அறைக்கு ஓடினார். அதனால்தான் சொல்கிறேன், மார்ச் மாதப் புள்ளிப் பட்டியலை நம்பவே கூடாது. முதலிடத்தில் இருப்பவனைவிட நாலாம் இடத்துக்காரன் கையில் ஆறு ஆட்டம் பாக்கி இருக்கும். சாம்பியன் யார் என்பதைத் திறமையோடு சேர்த்து, மே மாதத்தில் யாருக்கு முழங்கால் மிச்சமிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

கில்மார்னாக்கிலிருந்து

தம்பி, எங்கள் பள்ளத்தாக்கை விட்டுவிட்டீர்களே! டார்வல் எங்களுக்கு மேலே பஸ்ஸில் போகும் தூரம். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் பிறந்தது அந்த ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில். 2023 ஜனவரி 23 வரை அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் பெருமை.

அன்றைக்கு ஸ்காட்டிஷ் கோப்பையில் அபர்தீன் வந்தது. ஆறாம் நிலை லீக் அணி முதல் நிலை அணியோடு ஆடுகிறது. டிக்கெட் கிடைக்கவில்லை, எதிர்வீட்டு அம்மா வீட்டில் டிவியில் பார்த்தோம். அவர் பிறந்த ஊர் டார்வல். ஜோர்டன் கர்க்பாட்ரிக் கோல் போட்டபோது அவர் கத்தவில்லை, எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பார்க்கப் பயமாக இருக்கிறதாம். ஆட்டம் முடியும்வரை அங்கிருந்தே "இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 1–0-வில் முடிந்தது. அடுத்த சுற்றில் ஃபால்கர்க் வந்து 5–1 என்று கணக்கைத் தீர்த்தது.

கோப்பையில் ஓடினால் லீக் ஆட்டங்கள் தேங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை மட்டும் காரணமில்லை. வென்றாலும் பாக்கி ஏறும்.

அபர்தீன்வாசி

அக்கா, இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தத் தேதியைப் படிக்க வைத்துவிட்டீர்கள். என் மேலதிகாரி முன்னால் இன்றும் டார்வல் என்ற சொல்லை எடுக்க முடியாது.

நான் பார்ப்பது வடக்கு மண்டல லீக். மேற்கில் கிளப்புகள் 2020-இல் வேறு லீக்குக்குப் போய்விட்டன, இங்கே இன்னும் ஜூனியர் சங்கத்தின் கீழேயே நடக்கிறது. அபர்தீன் நகரத்துக்குள்ளேயே பல அணிகள். ஆனால் வெளியூர் ஆட்டம் என்றால் பக்கி, எல்ஜின், நேர்ன் வரை கார் ஓட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், அதனால் ஆட்டத்தை முன்கூட்டியே ஆரம்பிக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிஷம் பந்தைவிட ஆட்டக்காரர்களின் சத்தத்தைத்தான் பின்தொடர வேண்டியிருக்கும்.

நான் பார்த்த கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் நடுவர் ஒருவர்தான். எல்லைக்கோட்டில் கொடி பிடிப்பது அந்தந்த கிளப்பின் ஆள். ஒருமுறை வந்த அணியின் மாற்று ஆட்டக்காரரே டிராக்சூட்டோடு கொடி பிடித்தார். எங்கள் பக்க முன்கள ஆள் பந்தோடு ஓடும்போதெல்லாம் கொடி மேலே. நாலாவது முறை நடுவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டத்தை விட்டார், கோல் விழுந்தது. வேலியோரம் நின்ற தாத்தா ஒருவர் கொடிக்காரரிடம் போய், "கை வலிக்கும் தம்பி, கொஞ்சம் இறக்கி வை" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏறிப்போக வழியில்லாத லீக் என்று நினைக்காதீர்கள். பேங்ஸ் ஓ டீ 2022-இல் இங்கே சாம்பியன் ஆகி, பிளே ஆஃபில் ஃபோர்ட் வில்லியமை வென்று ஹைலேண்ட் லீக்குக்குப் போய்விட்டது. 1957-இல் ஜூனியர் கோப்பையை ஜெயித்த அணி அது. போனது சந்தோஷம்தான், ஆனால் அவர்களை அடிக்க வேண்டும் என்று மற்ற அணிகளுக்கு இருந்த வெறி குறைந்துவிட்டது. இது என் சொந்த அபிப்பிராயம்.

கிளாஸ்கோ தெற்கு (யாழ்ப்பாணம்)

அண்ணை, நான் பொலக் கிளப்பின்ர பக்கம். நியூலாண்ட்ஸ்ஃபீல்ட் என்ற அவர்களின்ர மைதானம் எங்கட வீட்டிலிருந்து நடை தூரம். நீங்கள் சொன்னதுக்கு அடுத்த பருவம், 2019–20, அதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. அதனால் எழுதுறன்.

மார்கழி, தையில மழையால் வழக்கம்போல ஆட்டங்கள் தள்ளிப்போச்சு. சரி, சித்திரையில் ஆடலாம் எண்டு எல்லாரும் இருந்தினம். மார்ச் 13-ஆம் திகதி கொரோனாவால் நாடு முழுக்கக் கால்பந்தை நிப்பாட்டினார்கள். அந்தப் பாக்கி ஆட்டங்கள் பிறகு நடக்கவே இல்லை. ஜூனியர் கோப்பையும் பாதியில் நிண்டது. அதோட மேற்கு மண்டலத்தின் 63 கிளப்புகளும் அந்தக் கோடையில் புதிய மேற்கு ஸ்காட்லாந்து லீக்குக்கு மாறிவிட்டன. பழைய லீக்குக்கு ஒரு கடைசி ஆட்டம், ஒரு கைதட்டல், ஒண்டும் இல்லை.

வாசலில் காசு வாங்குற ஒரு ஐயா இருந்தார். என்ர மகனிட்ட ஒருநாளும் காசு வாங்கினதில்லை, "நீ வளர்ந்து எங்களுக்கு விளையாடு, அப்ப கழிச்சுக்கொள்ளுறன்" எண்டு பகிடி விடுவார். திரும்பத் திறந்தபோது வாசலில் வேற ஆள். விசாரிச்சன். சுகமாக இருக்கிறாராம், ஆனால் கூட்டத்துக்குள்ள வரப் பயப்படுறாராம். அதுக்கு அடுத்த வருஷம் வந்து நிண்டார். மகன் அதுக்குள்ள அவரைவிட உயரம். காசு கேட்டார்!

தொடங்கியவர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். லீக் மாறினாலும் அந்தக் கிளப்புகளில் பல ஜூனியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்து கோப்பையில் தொடர்ந்து ஆடுகின்றன. 2022-இல் டால்பட்தான் அதை மறுபடி வென்றது. நண்பரின் மச்சான் அந்த வாரம் போனை எடுக்கவில்லை.

புதிதாக டண்டீ வந்த மாணவன்

அண்ணா, எனக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்? என்ன கொண்டுபோக வேண்டும்?

தொடங்கியவர்

டண்டீயில் உனக்குப் பஞ்சமே இல்லை தம்பி. லாகீ யுனைடெட், நார்த் எண்ட், டவுன்ஃபீல்ட், வயலெட், ஈஸ்ட் கிரெய்கி எல்லாம் நகரத்துக்குள்ளேயே. இப்போது மிட்லாண்ட்ஸ் லீக்கில் ஆடுகிறார்கள். சில்லறைப் பணமாக எடுத்துக்கொண்டு போ, பாதி நேரத்தில் குலுக்கல் சீட்டோடு ஆள் வருவார், மறுத்தால் முகம் சுருங்கும். ஸ்காட்ச் பை ஆட்டிறைச்சியாக இருக்கும், போவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு, சாப்பிடாதவன் என்றால் கேட்டுவிட்டு வாங்கு. காலுக்கு ரப்பர் பூட்ஸ். ஆட்டம் உண்டா என்று காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பு, பஸ் ஏறும் முன் இன்னொரு தடவையும் பார்.