வலி ஊசிக்கும் ஆள் பார்க்கிறார்களா?

வேளிமலைக்காரன்: அவசரப் பிரிவில் இனம் பார்த்து வலி மருந்து கொடுப்பதை அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அது லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே மருத்துவமனையில் எடுத்த கணக்கு, 1993-இல் வெளியானது. எலும்பு முறிந்து வந்த 139 பேரில் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், வெறும் 31 பேர். 31 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதுவதா?

குளச்சல் கடலோடி: எழுதியது நான்தான் அண்ணாச்சி, நேராகவே கேட்கலாம். அந்த ஹிஸ்பானியர்களில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே கிடைக்கவில்லை. வெள்ளையர்களில் 26 சதவீதம். அந்தக் கணக்கை எடுத்த மருத்துவர் நாக்ஸ் டாட் 2000-இல் அட்லாண்டா நகரின் கணக்கையும் வெளியிட்டார். 217 பேர். வெள்ளையர்களில் 74 சதவீதம் பேருக்கு மருந்து, கறுப்பினத்தவரில் 57.

வேளிமலைக்காரன்: அட்லாண்டாவை யார் கேட்டது? நான் கேட்டது 31 பேரைப் பற்றி. வந்தவர்களுக்கு வலியைச் சொல்ல மொழி தெரிந்திருக்காது. மருத்துவர் என்ன செய்வார்?

குளச்சல் கடலோடி: அதையும் 1994-இல் பார்த்துவிட்டார்கள். வலி எவ்வளவு என்று மருத்துவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். இனத்தால் மதிப்பீடு மாறவில்லை. வலி புரிந்துதான் இருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் தெரியுமா? விசைப்படகில் கயிறு சுற்றி இழுத்து என் சித்தப்பாவின் முன்கை முறிந்தது. உப்புக் காய்ந்த இடுப்புச் சாரத்தோடு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி கிடந்தார். ஊசி கேட்டேன். "கடல்காரர்கள் தாங்குவார்கள்" என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவருக்கு வந்தவுடன் போட்டார்கள்.

தக்கலை அக்கா: தம்பி, 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன். மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கும். பதிவேடு, கையெழுத்து, கணக்கு எல்லாம் உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்தின் பயம் எங்களுக்குத்தான் தெரியும். ஆள் பார்க்கிறோம் என்று பழி போடாதீர்கள்.

குளச்சல் கடலோடி: அந்தச் சட்டத்தை 2014-இல் தளர்த்திவிட்டார்கள் அக்கா. பூட்டு இரண்டு கட்டிலுக்கும் ஒன்றுதானே? ஒருவருக்கு மட்டும் எப்படித் திறந்தது?

மார்த்தாண்டம் ரப்பர்: எப்போதும் கடற்கரைக் கதைதான். ரப்பர் பால்வெட்டுக்காரன் பாறையில் வழுக்கி விழுந்தால் அவனுக்கு வலிக்காதா? 2017 ஒக்கி புயலின்போதும் இப்படித்தான். எங்கள் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததை நீங்கள் பேசவே விடவில்லை.

குளச்சல் கடலோடி: எங்கள் ஆட்கள் கடலிலிருந்து திரும்பவில்லை. வாழையையும் உயிரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மார்த்தாண்டம் ரப்பர்: எங்கள் பிழைப்பு உங்களுக்கு வெறும் வாழை. இதைத்தான் அன்றும் சொன்னீர்கள். மறக்கவில்லை.

வேளிமலைக்காரன்: ஒக்கி வரைக்கும் போயாயிற்று. 31 பேருக்குப் பதில் இன்னும் வரவில்லை.

குளச்சல் கடலோடி: அட்லாண்டாவில் 217 பேர் என்று மறுபடியும் எழுதுகிறேன். போதாதென்றால் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த 2016 ஆய்வையும் படியுங்கள். வெள்ளையரான மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். "கடல்காரர்கள் தாங்குவார்கள்" என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

தக்கலை அக்கா: அன்று முதலில் வந்தது யார்? அதைச் சொல்லுங்கள்.

குளச்சல் கடலோடி: சித்தப்பாதான்.

வேளிமலைக்காரன்: ஒரு சித்தப்பா. அங்கே 31 பேர், இங்கே ஒருவர்.