நுவரெலியாவில் இரண்டு இரவு: டவுனுக்குள் அறை எடுப்பது எந்தப் பக்கம்?

கல்லடி வாசகி:
வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவுக்கு இரண்டு இரவு போகிறோம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். வான் செங்கலடி வழியாகப் போகும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சின்னவனுக்குக் குளிர் பட்டால் முட்டு (மூச்சிழுப்பு). விக்டோரியா பூங்கா, கடைத்தெரு, வாவி எல்லாம் நடந்தே பார்க்கிற மாதிரி நடுவில் அறை வேண்டும். இணையத்தில் பார்க்கிற ஹோட்டல் எல்லாமே "டவுனுக்கு ரெண்டு நிமிசம்" என்றுதான் போட்டிருக்கு. வாவியோரம் எடுப்பதா, கடைத்தெருப் பக்கம் எடுப்பதா? முன்பணம் போட முன்னம் என்ன கேட்க வேண்டும்?

செங்கலடிச் சந்தி:
அந்த ரெண்டு நிமிசம் வாகனத்தில், தங்கச்சி. நடைக்கு நீங்களே அளந்து பாருங்கள். போனில் மேப்பைத் திறந்து, விக்டோரியா பூங்காவிலிருந்து ஹோட்டலுக்கு நடைவழி போட்டால் தூரம் தெரியும், ஏற்றமும் தெரியும். அம்மாவுக்குத் தூரத்தை விட ஏற்றம்தான் முக்கியம். 700 மீற்றர் சமதரையை ஆறுதலாக நடக்கலாம். 150 மீற்றர் கொங்கிறீட் ஏற்றம் முழங்காலைக் கொன்றுபோடும், இறங்கும்போது இன்னும் மோசம்.

நுவரெலியா டவுன் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கு. பஸ் நிலையம், பூங்கா, சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், கிரகரி வாவி எல்லாம் அந்தச் சமதரையில். சுற்றிவர மலை. பெயரில் "வியூ" இருக்கிற ஹோட்டல் என்றால் பெரும்பாலும் சரிவில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விலாசத்தில் நுவரெலியா என்று இருப்பதும் போதாது. நானுஓயா, பிளக்பூல், ஹாவாஎலிய, மாகஸ்தோட்டை, சீத்தாஎலிய எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். நானுஓயா றெயில் நிலையம் டவுனிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர்.

உங்களுக்குக் கடைத்தெருப் பக்கம்தான் சரி, பூங்காவிலிருந்து 500 மீற்றருக்குள். அங்கேயிருந்து வாவிக்குப் பந்தயத் திடலோரம் சமதரையாக ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அம்மா களைத்தால் ஓட்டோவில் திரும்பலாம். வாவியோரம் எடுத்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வான் எடுக்க வேண்டி வரும். ஆனால் கடைத்தெருவைப் பார்த்த அறை எடுக்க வேண்டாம். விடியப்புறமே பஸ் சத்தம் தொடங்கிவிடும். பின்பக்க அறை என்று சொல்லியே கேளுங்கள்.

மறுகா, வழி. செங்கலடியில் கிறுகுகிற ஏ5 வீதியே மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று டவுனுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ஹக்கலைப் பூங்காவும் சீத்தாஎலிய அம்மன் கோயிலும் டவுனுக்கு முன்னமே அந்த வழியில் வரும். அறை பெரும்பாலும் பகல் 2 மணிக்குத்தான் தருவார்கள். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் அவை இரண்டையும் போகும்போதே பார்த்து முடிக்கலாம். பிந்தினால் ஹக்கலைப் பக்கம் பின்னேரப் புகாருக்குள் ஓட வேண்டி வரும். சாரதிக்குத் தனி அறை இருக்கா, வான் வாசல் வரைக்கும் ஏறுமா என்பதையும் கேளுங்கள். உயரக் கூரை வான் சில ஒழுங்கைகளுக்குள் திரும்பாது.

காத்தான்குடி:
மேலே சொன்னது சரி. நான் சுடுதண்ணியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊரில் அது இல்லாவிட்டால் பிள்ளைகளைக் குளிக்கவைக்கவே ஏலாது. "சுடுதண்ணி இருக்கா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கு என்பார்கள். எதில் சுடுகிறது என்று கேளுங்கள். சூரிய ஒளியில் சுடுவதென்றால் ஓகஸ்ட் மழைப்புகாரில் ஆறியே கிடக்கும். கெய்சர் (கரண்டில் தண்ணி சுடவைக்கிற தாங்கி) என்றால் எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். 30 லீற்றர் தாங்கி இரண்டு பேருக்குத்தான் காணும். 2 கிலோவாற் கெய்சர் அதைத் திரும்பச் சுடவைக்க அரை மணிக்கு மேல் எடுக்கும். ஆறு பேருக்கு இரண்டு அறை, இரண்டு குளியலறை எடுத்தால் சண்டை இல்லை. கரண்ட் நின்றால் ஜெனறேற்றர் பல இடங்களில் லைற்றுக்கு மட்டும்தான், கெய்சருக்கு வராது.

முட்டு உள்ள பிள்ளைக்கு ஈரச்சுவர்தான் எதிரி. மலையை வெட்டிக் கட்டிய கட்டடத்தில் கீழ்த்தளத்துப் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும். தண்ணி கசிந்து சுண்ணாம்பு பொருமும். போனவுடன் கட்டில் தலைமாட்டுப் பலகையைக் கொஞ்சம் இழுத்துப் பின்னால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, புழுங்கல் மணம், மெத்தையின் அடி ஓரம் சில்லென்று இருந்தால் பையைத் திறக்க முன்னமே அறையை மாற்றச் சொல்லுங்கள். முதலாம் மாடி, காலை வெயில் படுகிற ஜன்னல் என்று முன்கூட்டியே கேட்பது இன்னும் நல்லது. பின்பக்க அறை எடுக்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதை வாசிக்கிற எல்லாரும் கவனியுங்கள். குளிருக்கென்று கரி அடுப்பையோ பாபகியூ தட்டையோ அறைக்குள் எடுத்து வைத்துக் கதவைப் பூட்டிப் படுக்க வேண்டாம். கரி புகை விடாமல் கனன்றாலும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வரும். மணம் இல்லை, நித்திரையிலேயே உயிர் போகும். மின் ஹீற்றர் கேளுங்கள், அதற்கு இரவுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். கம்பளி ஆளுக்கு இரண்டு.

ஹலால் சாப்பாட்டுக் கடையும் ஜும்ஆப் பள்ளியும் டவுனுக்குள்ளேயே இருக்கு. நடுவில் தங்குவதற்கு எங்கட ஆக்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

அம்பாறை:
விலையைக் கேட்கும்போது "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேளுங்கள். ஓர் அறைக்கு இரவுக்கு 15,000 ரூபாய் என்பார்கள். 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 16,500. அதன் மேல் 18 வீத வற் வரி போட்டால் 19,470. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் வித்தியாசம் 17,880 ரூபாய். இணையத்தில் டொலரில் காட்டுகிற இடங்களுக்கு நேரே கோல் எடுத்து உள்நாட்டவர் விலை கேளுங்கள். அடையாள அட்டை காட்ட வேண்டும்.

ஏப்ரலில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. வசந்த காலக் கொண்டாட்டத்தில் விலை ஏறிவிடும், வாவியோரம் நடக்கவே இடம் இருக்காது.

அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று யோசனை இருந்தால் பண்டாரவளையையும் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர், பண்டாரவளை ஏறத்தாழ 1,200. இரவுக் குளிர் தாங்கக்கூடியது, றெயில் நிலையமும் கடைத்தெருவும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கு. ஆனால் அந்த டவுன் ஏற்ற இறக்கம். அங்கேயும் ஹோட்டல் வாசலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கல்லடி வாசகி:
நன்றி எல்லாருக்கும். நுவரெலியாவே போகிறோம். இரண்டாம் நாள் ஹோட்டன் சமவெளிக்குப் போனால் டவுனுக்குள் தங்குவது தூரமாகுமா?

செங்கலடிச் சந்தி:
ஆகாது. அம்பேவலை, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். விடிய 5 மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கள். 9, 10 மணிக்குப் பிறகு உலக முடிவு என்கிற மலை விளிம்பைப் புகார் மூடிவிடும். காலைச் சாப்பாட்டை முதல்நாள் இரவே கட்டித்தரச் சொல்லுங்கள், லஞ்ச்சீற் சுற்றாமல். வாசலில் பொலித்தீனைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். நடை 9 கிலோமீற்றர் அளவு. அம்மாவும் சின்னவனும் டவுனிலேயே நிற்கட்டும், பூங்கா கிட்டத்தானே இருக்கு.