ஜிக்ஜாக் தையல் ஒரு பக்கம் மட்டும் விடுபடுவது ஏன்?

கேள்வி: சேலை ஓரம், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

வணக்கம். ஸ்ரீராமபுரத்தில் வீட்டின் முன்னறையிலேயே சிறிய தையற்கடை நடத்துகிறேன். ரவிக்கை தைப்பதைவிட, சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்து, முந்தானைக்குக் குச்சு கட்டித் தரும் வேலைதான் இப்போது அதிகமாக வருகிறது. அதற்காகவே சென்ற ஆண்டு, ஊசி இடமும் வலமும் மாறி மாறிக் குத்தும் பழைய ஜிக்ஜாக் மெஷின் ஒன்றை வாங்கினேன். தையல் அகலத்தை 2இல் வைத்து அடித்தால் தையல் ஒழுங்காக விழுகிறது. 5இல் வைத்தால் வலப்பக்கத் தையல் சரியாக விழ, இடப்பக்கத் தையல் மட்டும் இரண்டு மூன்று குத்துக்கு ஒருமுறை விடுபடுகிறது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், நூல் இறுக்கத்தை (டென்ஷன்) கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, ஊசிக்குக் கீழே சுற்றி மேல்நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் டைமிங்கைச் சற்று முந்தி வைத்துவிட்டுப் போனார். இடப்பக்கம் சரியாகிவிட்டது, வலப்பக்கம் விடுபடத் தொடங்கிவிட்டது!

ஒரே ஊசி, ஒரே ஷட்டில் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எப்படிக் கெடும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா காலத்துக் கறுப்பு மெஷின் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதையே ஜிக்ஜாக் அடிக்கும்படி மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில் 1: பழைய மெக்கானிக், சிவாஜிநகர்

அம்மா, நீங்கள் எழுதிய அந்த ஆச்சரியக்குறியிலேயே பாதி விடை இருக்கிறது. ஊசி கீழே போய்த் திரும்பி, சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் ஏறும்போது, ஊசியின் பின்புறக் குழிவில் நூல் தளர்ந்து சிறு வளையமாக விரியும். அந்த நேரத்தில் ஷட்டில் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். நேர்த்தையலில் ஊசி ஒரே இடத்தில் குத்துவதால் இந்தச் சந்திப்பை ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும். ஜிக்ஜாக்கில் ஊசிதான் இடமும் வலமும் போகிறதே தவிர, ஷட்டில் எப்போதும் தன் நேரத்துக்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஷட்டில் முனை ஒரு பக்கத்து ஊசியை முன்னதாகவும், 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் மறுபக்கத்து ஊசியைத் தாமதமாகவும்தான் சந்திக்க முடியும்.

முன்னதாகச் சந்திக்கும் பக்கத்தில் ஊசி போதுமான அளவு ஏறியிருக்காது, வளையம் சிறுத்திருக்கும். தாமதமாகச் சந்திக்கும் பக்கத்தில் ஊசி அதிகம் ஏறியிருக்கும். வளையம் பெரிதாக இருந்தாலும் காது மேலே வந்துவிடுவதால், முனை காதிலேயே இடித்தோ அதற்குக் கீழே நுழைந்தோ வளையத்தைத் தவறவிடும். உங்களிடம் வந்தவர் ஷட்டிலை முந்தி வைத்ததால் தாமதப் பக்கம் பிழைத்தது, முந்திய பக்கம் கெட்டது. அவர் தொட்டிருக்க வேண்டியது, ஊசியைத் தாங்கி ஏறி இறங்கும் ஊசிக் கம்பியின் உயரத்தை என்று நினைக்கிறேன்.

அகலம் 5இல் இருக்க, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஷட்டில் முனை எந்தப் பக்கத்து ஊசியை முதலில் தொடுகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் காதுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை மட்டும் கழற்றிவிடுங்கள். ஷட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பதில் 2: இயந்திரவியல் ஆசிரியர், ஜாலஹள்ளி

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஊசி எப்போது நகர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஊசி துணிக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் அசையவே கூடாது; அசைந்தால் துணியை இழுக்கும், ஊசி வளையும், ஊசித் தகட்டில் மோதி முறியும். இதற்காக ஊசிக் கம்பி ஒரு தனிச் சட்டத்தில் தொங்குகிறது. மேல் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்றே சுற்றும் கேம் என்ற தள்ளுசக்கரம், தன்னைப் பற்றியிருக்கும் கவட்டையின் வழியாக அந்தச் சட்டத்தை ஆட்டுகிறது. ஒரு குத்து இடம், ஒரு குத்து வலம் என்று கணக்கு பொருந்துவது அந்தப் பாதி வேகத்தால்தான். பல மெஷின்களில் அந்தக் கேம் வட்டமாக இராமல் மூன்று வில்களால் ஆன, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். எப்படித் திரும்பினாலும் அதன் அகலம் மாறாது என்பதால் கவட்டையின் இரு சுவர்களுக்கும் இடையில் லொடலொடக்காமல் சுற்றும். இரு கடைசியிலும் சட்டத்தைச் சற்று நேரம் அசையாமல் நிறுத்தியும் வைக்கும். அந்த ஓய்வில்தான் ஊசி துணிக்குள் இறங்கி ஏறுகிறது. நிமிடத்துக்கு 2,000 தையல் என்றால் ஒரு தையலுக்கு ஒரு நொடியில் 0.03 பங்குதான் கிடைக்கிறது. ஊசி வெளியே இருக்கும் ஏறக்குறைய பாதி நேரத்துக்குள் அவ்வளவு இரும்பும் நகர்ந்து நின்றுவிட வேண்டும். நேர்த்தையல் மெஷினின் வேகத்தை ஜிக்ஜாக் மெஷினிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி உங்கள் கறுப்பு மெஷின். அதில் பாபின் கேஸை இடப்பக்கத்திலிருந்து செருகுகிறீர்கள், ஊசியில் நூலையும் பக்கவாட்டில்தான் கோக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் அதன் ஷட்டில், ஊசி இடவலமாக ஆடக்கூடிய திசைக்குக் குறுக்காகச் சுற்றுகிறது. ஊசிக்கும் ஷட்டில் முனைக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவுதான். ஊசியை 2 மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளினால் முனைக்கு வளையம் எட்டாது. மறுபக்கம் தள்ளினால் ஷட்டிலிலேயே குத்தும். ஜிக்ஜாக் மெஷினில் நூலை முன்னிருந்து பின்னாகக் கோக்கிறோம். அங்கே ஷட்டில், ஊசி ஆடும் திசைக்கு இணையாகச் சுற்றுவதால் ஊசி எங்கே நின்றாலும் இடைவெளி மாறுவதில்லை. மாறுவது சந்திக்கும் நேரம் மட்டும்தான். ஹெலன் பிளான்சர்ட் 1873இலேயே ஜிக்ஜாக் மெஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தும் வீடுகளுக்கு அது வந்துசேர அத்தனை காலம் ஆனதற்கு, மெஷினின் அடிவயிற்றையே திருப்பிப் போட வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் ஜிக்ஜாக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அது ஊசியை ஆட்டாது. ஊசித் திருகின்மேல் மாட்டிய கவட்டைக் கம்பியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துணியைத்தான் இடவலமாக ஆட்டும். பருத்தித் துணிக்குப் போதும். ஷிஃபான் சேலை ஓரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், துணி சுருங்கிக்கொள்ளும்.

மறுமொழி: சேலை ஓரம்

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கேமரா வைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்து ஊசியைத்தான் ஷட்டில் முனை முதலில் தொடுகிறது. அங்கே காது மிகவும் கீழே இருக்கிறது, நூல் விரிவதற்குள் முனை கடந்துவிடுகிறது. இடப்பக்கத்தில் காதின் மேல்விளிம்புக்கு ஒரு நூலிழை மேலேதான் முனை போகிறது. முந்தி வைத்த பிறகே இப்படி என்றால், அதற்கு முன் காதிலேயே இடித்திருக்க வேண்டும்.

பதில் 3: பழைய மெக்கானிக், சிவாஜிநகர்

சந்தேகமே இல்லை, ஊசிக் கம்பி மேலே ஏறி நிற்கிறது. கம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம். முதலில் ஷட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பிறகு ஊசியை அதன் பிடியில் முழுக்க ஏற்றாமல் அரை மில்லிமீட்டர் இறக்கித் திருகை முடுக்கி, மோட்டாரைப் போடாமல் கைச்சக்கரத்தாலேயே இருபது தையல் போட்டுப் பாருங்கள். இருபுறமும் விழுந்தால் கம்பியை அதே அளவு இறக்கி, ஊசியை மீண்டும் முட்டும்வரை ஏற்றிவிட வேண்டியதுதான். ஊசியை இறக்கியபடியே வைத்துத் தைத்துவிடாதீர்கள். அடுத்த முறை ஊசி மாற்றும்போது அந்த அளவு கைக்கு வராது. கம்பியின் திருகைத் தளர்த்தும்போது கம்பி தன்னிச்சையாகத் திரும்பிவிட்டால் ஊசியின் குழிவு ஷட்டிலைப் பார்க்காமல் போய்விடும். அதற்கு இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: சேலை ஓரம்

கைச்சக்கரத்தில் இருபதும் விழுந்தன, அண்ணா. கம்பியை இறக்கும்போது என் மகன் பிடித்துக்கொண்டான். இன்று காலை ஒரு ஷிஃபான் சேலையின் ஓரம் முழுவதையும் 5இல் வைத்தே அடித்தேன். ஒரு தையலும் விடுபடவில்லை. கறுப்பு மெஷின் ரவிக்கைக்கே இருக்கட்டும்.