நல்லா வேலை செய்யறதாலேயே அதே பதவியில் நின்றுபோனால்? (டீ ஃபேக்டரி, அசிஸ்டென்ட் டீமேக்கர்)

கேள்வி: கட்டபெட்டு வளைவு

வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம், சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி சிடிசி தூள் (பல் வைத்த ரோலரில் வெட்டிச் சுருட்டுகிற டீத்தூள்) போடுகிற ஃபேக்டரி. நாளைக்கு 15,000 முதல் 20,000 கிலோ இலை வருது. அசிஸ்டென்ட் டீமேக்கருக்கு பேப்பரில் 8 மணி நேர ஷிஃப்ட். நடப்பது 13 மணி, சீசனில் 15. ரோலர் செட்டிங், டிரையர் சூடு, ஏலத்தில் தூளை விற்றுத் தருகிற புரோக்கருக்கு சாம்பிள், இலை லாரி டிரைவர் சண்டை வரைக்கும் ஒரே ஆள் தலையில். 6 வருஷமா அதே பதவி. மேலே இருக்கும் டீமேக்கர் (தூள் தயாரிப்புக்கு முழுப் பொறுப்பாளர்) இடம் இரண்டு தடவை காலியாச்சு, இரண்டு தடவையும் வெளி ஆள் வந்தார். சொல்கிற காரணம்: "உன்னை நைட்டுல இருந்து எடுத்தா ஃபேக்டரி நின்னுடும்."

இதிலிருந்து எப்படி வெளியே வருவது? கூடுதல் மணி நேரத்துக்கு ஏதாவது கேட்க முடியுமா? "வேலையைக் குறைச்சுக்கோ" என்று மட்டும் சொல்லாதீங்க. ஏப்ரல் வந்தா முற்றத்தில் லாரி வரிசை கட்டும், அப்ப எங்க குறைக்கிறது.

பதில்: எட்டுப் பல் ரோலர்

மழுங்குவதற்கு முன்பே ரோலரை மாற்றிவிடுகிற ஆள் இருக்கும் ஃபேக்டரியில், மழுங்கின ரோலர் என்ன செய்யும் என்று முதலாளிக்குத் தெரியவே தெரியாது. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும். ரோலரில் இருக்கும்போதே தூள் சூடாகும், நிறம் செத்துப்போகும், செதில் செதிலாக விழும். அது விலையில் தெரிவது சில வாரம் கழித்து ஏலத்தில். நடக்காமல் தடுத்த நஷ்டத்துக்கு எந்த லெட்ஜரிலும் கட்டம் கிடையாது. அதனால்தான் மேலே இருப்பவர் கண்ணுக்கு "நல்ல பையன், ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்குவான்" என்பதோடு நின்றுவிடுகிறது.

முதல் வேலை, அதைக் கணக்காக்குவது. ஷிஃப்ட் முடிந்ததும் ஐந்து நிமிஷம் போதும். வந்த இலை எடை, விதரிங் (இலையை வாட்டுவது) முடிந்தபோது இலையில் இருந்த ஈரம், ஒவ்வொரு ஜோடி ரோலரும் தீட்டிய பிறகு ஓடிய மணி, டிரையர் வாயில் தூளின் ஈரம், அவுட்டர்ன் (நூறு கிலோ இலைக்கு எத்தனை கிலோ தூள்). மழை இலையையும் வெயில் இலையையும் தனித்தனியாகக் குறியுங்க. இல்லாவிட்டால் ஜூலையில் அவுட்டர்ன் இறங்கினதுக்கு உங்களைத்தான் கேட்பாங்க.

அதைவிடப் பெரிய ஆயுதம் ஏல விலை. குன்னூர் ஏலம் வாராவாரம் நடக்குது, சராசரி எல்லோர் கைக்கும் வருது. உங்கள் மார்க் (ஏலத்தில் உங்கள் ஃபேக்டரித் தூளின் பெயர்) வாங்கின சராசரியிலிருந்து குன்னூர் சராசரியைக் கழித்து வாரத்துக்கு ஒரு வரி எழுதுங்க. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்த வித்தியாசம் தயாரிப்பின் தரத்தையே அதிகம் காட்டும். இலைத் தரமும் இதில் கலந்திருக்கும், உண்மைதான். அதற்குத்தான் மழை, வெயில் குறிப்பு. 18,000 கிலோ இலைக்கு 23 சதவீத அவுட்டர்ன் என்றால் 4,140 கிலோ தூள். கிலோவுக்கு 3 ரூபாய் கூடினால் ஒரு நாளைக்கு 12,420 ரூபாய். சம்பளப் பேச்சில் "நான் ரொம்ப உழைக்கிறேன்" என்பதற்கு எதிரே பத்து பேர் அதையே சொல்வாங்க. இந்தக் கணக்கை உங்களைத் தவிர யாரும் கொண்டுவர மாட்டாங்க.

பதில்: பழைய பங்களா

நிர்வாகப் பக்கத்திலிருந்து கசப்பாகவே சொல்கிறேன். உங்களை மேலே ஏற்றினால் ஒரு ஓட்டையை அடைத்து இன்னொரு ஓட்டை போட்ட மாதிரி. வெளியிலிருந்து டீமேக்கர் வந்தால் ஒரு சம்பளச் செலவோடு முடிந்தது, ராத்திரித் தூக்கமும் கெடவில்லை. இது கெட்ட எண்ணமில்லை, கணக்கு. இன்னொன்று: 15 மணி நேரத்தில் எடுத்த உற்பத்திதான் அடுத்த சீசன் டார்கெட் ஆகும். அப்புறம் 8 மணி நேரம் ஒழுங்காக வேலை செய்தாலும் "பையன் முன்ன மாதிரி இல்லை" என்ற பேச்சு வரும்.

ஆக, உங்கள் இடத்தில் நிற்கிற ஒரு ஆளைத் தயார் செய்யாமல் பதவி உயர்வு கேட்பது வீண். "எனக்குப் பதில் ஆள் வந்தால் என் வேலை போய்விடுமே" என்று பயந்து தொழிலை மறைத்து வைப்பவர்கள்தான் ரிட்டயர்மென்ட் வரை நைட் ஷிஃப்டில் இருப்பது.

எதை முதலில் கொடுப்பது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். எரிச்சலான வேலையை, அதாவது லாரிச் சண்டையை, முதலில் தள்ளிவிடுவார்கள். அதனால் யாரும் தொழில் கற்கப் போவதில்லை. முதலில் டிரையரைக் கொடுங்கள். தெர்மாமீட்டரும் ஈரம் பார்க்கும் மீட்டரும் இருக்கின்றன. வாயில் வரும் தூள் 3 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும். சூட்டைக் கூட்டுவதா, ஃபீட் வேகத்தைக் குறைப்பதா என்பது ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டக்கூடிய விஷயம். அடுத்தது ரோலர் இடைவெளி. மெஷின் நின்று, மெயின் சுவிட்ச் அணைத்து, பூட்டுப் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும் என்பதை முதல் நாளே ரத்தத்தில் ஏற்றுங்கள்.

கடைசியில் ஃபெர்மென்டிங், அதாவது வெட்டின தூளைக் காற்றில் நிறம் மாற விடுவது. அதற்கு மூக்கு வேண்டும். பச்சை வாடை போய் பழ வாசனை திரும்புகிற இடத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, பக்கத்தில் நிறுத்தி முகரவைக்கத்தான் முடியும். ஆனாலும் பாதி வழி எழுத்திலேயே போகலாம். 30 ராத்திரி அறைச் சூட்டையும் எத்தனை நிமிஷத்தில் தூள் செம்பு நிறத்துக்கு வந்தது என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஜனவரிப் பனி ராத்திரிக்கும் மே ராத்திரிக்கும் எத்தனை நிமிஷம் வித்தியாசம் என்று கற்கிற பையனுக்கு அட்டவணையாகவே கிடைக்கும்.

பிறகு சோதனை. பிப்ரவரியில் இலை குறைவு, உறைபனி கருக்கின செடி அப்போதுதான் துளிர்க்க ஆரம்பிக்கும். அப்போது தொடர்ந்து மூன்று நாள் லீவு எடுங்கள். போனை அணைக்காதீர்கள், எடுங்கள். ஒவ்வொரு அழைப்பும் எதற்கு வந்தது என்று குறியுங்கள். ஏழு அழைப்பு வந்தால் எழுதிவைக்காத ஏழு விஷயம் இருக்கிறது என்று பொருள். மார்ச்சில் இன்னொரு மூன்று நாள். அழைப்பு இரண்டுக்குள் வந்துவிட்டால் "ஃபேக்டரி நின்னுடும்" என்கிற வார்த்தை செத்தது.

பதில்: கணக்கு ரூம்

கூடுதல் மணி நேரம் பற்றிக் கேட்டிருந்தீங்க. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த, சட்டங்களைத் தொகுத்து எழுதிய 2020 சட்டத்திலும் இரட்டிப்பு அப்படியே இருக்கு. ஆனால் மேற்பார்வை, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களை 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவு விதிகள் வழியாக வேலை நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்க இடம் கொடுத்தது. "அசிஸ்டென்ட்", "சூப்பர்வைசர்" என்று பட்டம் மட்டும் கொடுத்துச் சம்பளம் ஏற்றாவிட்டால், சில சமயம் கையில் இருந்த ஓவர்டைமும் போய்விடும். பட்டத்தில் மயங்க வேண்டாம். நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கு, உண்மையில் ஆளை வேலை வாங்குகிறீர்களா, நீங்களே மெஷினில் நிற்கிறீர்களா, இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, இப்போதைய விதி என்ன என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேசுங்க.

அதிகம் பேர் ஏமாறுவது வவுச்சரில். நல்ல வேலைக்காரருக்கு "இன்சென்டிவ்" என்று சம்பளத்தில் சேர்க்காமல் தனி வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கையில் கொடுப்பாங்க, சந்தோஷமா இருக்கும். ஆனால் கிராஜுட்டி (வேலையை விட்டுப் போகும்போது வரும் பணிக்கொடை) கணக்கு கடைசியாக வாங்கின பேசிக், டிஏ (பஞ்சப்படி) மீதுதான்: அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கணும். பேசிக், டிஏ 18,000, வவுச்சர் 8,000 என்று வைங்க. 6 வருஷத்துக்கு 62,308 ரூபாய்தான் வரும். அந்த 8,000மும் பேசிக்கில் இருந்தால் 90,000. உங்களுக்கு 5 வருஷம் தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும் இந்த உரிமை போகாது. நாலரை வருஷத்தில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

மணி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலைக் கணக்குகளை ஜான் பென்காவெல் என்ற பொருளியலாளர் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரம் வேலை செய்தபோது வந்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் வந்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். தினம் 13 மணி என்றால் ஆறு நாளில் 78. ராத்திரி மூணு மணிக்குக் கண் சொருகி, ஃபெர்மென்டிங்கில் தூள் இருபது நிமிஷம் கூடுதலாகக் கிடந்தால் சாயத்தின் பிரகாசம் போச்சு. ஆறு வருஷம் நல்லா போட்ட தூளை யாரும் நினைக்க மாட்டாங்க, அந்த ஒரு லாட்டைத்தான் (ஏலத்துக்குப் போன அந்தத் தொகுதியை) புரோக்கர் ரிப்போர்ட்டில் சிவப்பில் வட்டம் போடுவாங்க.

கட்டபெட்டு வளைவு

நன்றிங்க. டிரையரில் ஒரு பையனை நிறுத்தலாம், ஆர்வமான ஆள். பதவி பேச்சை எப்ப எடுக்கிறது? நேர்ல பேசுறதா, எழுதிக் கொடுக்கிறதா?

பழைய பங்களா

மார்ச் லீவு முடிந்து, ஏப்ரல் இலை ஏறுவதற்கு முன். லாரி நிற்கும்போது கேட்டால் மிரட்டல் மாதிரி இருக்கும், ஒத்துக்கொண்டாலும் மனதில் வைத்துக்கொள்வார்கள். நேரில் பேசி, அன்றைக்கே ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள். மேலே ஏல வித்தியாசம், நடுவில் அந்தப் பையன் தனியாக ஓட்டின ராத்திரிகளின் எண்ணிக்கை, கீழே கேட்பது. கேட்பதிலும் மூன்று படி வையுங்கள்: தேதியோடு டீமேக்கர் பதவி, அது இல்லையென்றால் மாதத்தில் பாதி நாள் பகல் ஷிஃப்ட், அதுவும் இல்லையென்றால் வவுச்சர் பணம் பேசிக்கில் சேர வேண்டும். மூன்றுக்கும் "பார்க்கலாம்" என்றால் பதில் வந்துவிட்டது.

வெளியில் தேடினால் குன்னூரில் புரோக்கர்களிடம் முதலில் வாய் விடாதீர்கள். ஒரு வாரத்தில் உங்கள் மேனேஜர் காதுக்கு வரும். குந்தா, கூடலூர் பக்கம் நேராகப் போய்ப் பாருங்கள். உங்கள் மார்க் என்ன விலைக்குப் போகிறது என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியும். ஃபேக்டரி புரொடக்‌ஷன் புத்தகத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் சொந்தமாக எழுதின ஏல வரிகள் போதும்.

எட்டுப் பல் ரோலர்

அந்தப் பையன் பெயரை டிரையர் லாக்கில் அவனையே எழுதச் சொல்லுங்க. உங்க கையெழுத்தில் இருந்தால் மறுபடி உங்க கணக்குதான்.