மகளுக்கு ஒரு முழு சீசன் காட்ட வேண்டும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

மணலி ஷிப்ட்

வணக்கம். எனக்கு பேஸ்கட்பால் பற்றி ஒன்றும் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு வியாசர்பாடி. எங்கள் ஏரியாவில் பிறந்தவனுக்குக் காலில் ஃபுட்பால், கையில் கேரம் ஸ்ட்ரைக்கர், அவ்வளவுதான். மகள் எட்டாம் வகுப்பு. போன ஜூனில் திடீரென்று பேஸ்கட்பாலில் சேர்ந்துவிட்டாள். விடிந்தால் மொட்டை மாடியில் டமால் டமால் என்று பந்து. கீழ் வீட்டுப் பெரியம்மா துடைப்பக் கட்டையால் சீலிங்கைத் தட்டுகிறார். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்க வேண்டும்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு மேட்ச். ஒரு பாயின்ட் பின்னால் இருக்கும்போது கடைசியில் எதிர் டீம் ஃபவுல் செய்ததால் இவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுவது, ஒன்று போனால் ஒரு பாயின்ட். இரண்டும் ரிங்கைக்கூடத் தொடவில்லை. வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மூலக்கடை சிக்னலில் நின்றபோது என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சட்டை நனைந்தது.

"ரீல்ஸ் பார்க்காதே, முழு மேட்ச் பார், ஒரு சீசனையே பார்" என்று கோச் சொல்கிறாராம். என்பிஏ (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) என்று போட்டால் பல வருடத்து மேட்சுகள் மலை மாதிரி வருகின்றன. எந்த சீசன்? அதை எப்படிப் பார்ப்பது? 82 மேட்ச் என்கிறார்கள், நான் எங்கே போவேன்?

கொருக்குப்பேட்டை 30

அண்ணே, யோசிக்கவே வேண்டாம். 2015-16. என்பிஏவில் 30 டீம், ஆளுக்கு 82 மேட்ச், பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை இழுக்கும். அப்புறம் கிழக்கில் எட்டு, மேற்கில் எட்டு டீம் பிளேஆஃப் போகும். அதில் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நாலு மேட்ச் ஜெயிப்பவன் அடுத்த சுற்றுக்குப் போவான். 82-ஐயும் யாரும் பார்ப்பதில்லை, பயப்படாதீர்கள்.

அந்த சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் முதல் 24 மேட்சையும் ஜெயித்தது. எனக்கு நன்றாக ஞாபகம், டிசம்பரில் வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, டிவியைப் போட்டால் இவர்கள் இன்னும் தோற்கவே இல்லை! ஊரே மூழ்கி எழுந்துவிட்டது, அவர்களுடைய ஸ்டீபன் கரி மட்டும் அதே சிரிப்போடு தூரத்திலிருந்து மூணு பாயின்ட் ஷாட் போட்டுக்கொண்டிருந்தார். 12-ஆம் தேதிதான் மில்வாக்கியில் தோற்றார்கள். மொத்தம் 73 வெற்றி, 9 தோல்வி. 1995-96இல் சிக்காகோ புல்ஸ் வைத்திருந்த 72 உடைந்தது. கரி அந்த ஒரு சீசனில் போட்ட மூணு பாயின்ட் ஷாட் மட்டும் 402.

அப்படிப்பட்ட டீம் ஃபைனலில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு கிளீவ்லாண்டிடம் கோட்டைவிட்டது. ஏழாவது மேட்ச் 93-89. நம்ம ஊர் நேரத்துக்கு திங்கட்கிழமை காலை 5.30. அன்று வேலைக்கு லேட், அரை நாள் சம்பளம் போச்சு. கிளீவ்லாண்டின் லெப்ரான் பின்னால் ஓடி வந்து வாரியர்ஸ் ஆள் இகுடாலாவின் பந்தை போர்டில் அறைந்தாரே, அதை மட்டும் பாப்பாவுக்குப் பத்து தடவை காட்டுங்கள்.

ராயபுரம் ரீபவுண்ட்

தம்பி சொன்ன சீசன் நல்ல சீசன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் என்ன கேட்டார்? எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைக்கு. ஆறேமுக்கால் அடி ஆள் பறந்து வந்து போர்டில் அறைவதைப் பத்து தடவை பார்த்து அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

சார், நான் பள்ளியிலும் கல்லூரியிலும் சென்டர் ஆடியவள். இப்போது பாரிமுனையில் ஒரு ஆபீஸில் பில் போடுகிறேன். முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் இன்னும் ஆடுகிறது. சீசன் இருக்கட்டும், முதலில் ஒரு கேள்வி: மாடியில் எந்தப் பந்து? வால்வு பக்கம் 7 என்று போட்டிருந்தால் அது ஆண்கள் பந்து. பெண்களுக்கு 6. சுற்றளவில் ஒரு இஞ்ச் குறையும், எடையும் குறையும். பார்ப்பதற்கு ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் சின்னக் கையில் வித்தியாசம் தெரியும். 7-ஐ விரல் நுனியில் நிறுத்த முடியாமல் உள்ளங்கையில் தாங்கி, தோளால் தள்ளுவார்கள். மேட்சில் 6-ஐக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். என் முதல் பந்தும் 7தான். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதாம்மா" என்றார். அந்தத் தள்ளுகிற பழக்கத்தை விட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இனி சீசன். டபிள்யூஎன்பிஏ, 2024. பெண்கள் லீக். அந்த வருடம் 12 டீம், ஆளுக்கு 40 மேட்ச், மே நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை. நடுவில் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்காக ஒரு மாதம் போல நிறுத்திவிட்டார்கள். கெய்ட்லின் கிளார்க் புதிதாக வந்த வருடம், அரங்கமெல்லாம் நிரம்பியது. ஏஜா வில்சன் ஒரே சீசனில் ஆயிரம் பாயின்ட் தாண்டினார், அதற்கு முன் அந்த லீகில் யாரும் தாண்டியதில்லை. இதெல்லாம் சும்மா தெரிந்துகொள்ள.

உங்கள் மகள் பார்க்க வேண்டியது ஃபைனல். அந்த வருடம் ஐந்து மேட்ச், மூன்று ஜெயித்தால் கோப்பை. நியூயார்க் லிபர்ட்டியும் மினசோட்டா லிங்க்ஸும். லிபர்ட்டி 1997இல் லீக் தொடங்கியதிலிருந்தே இருக்கிற டீம். அதற்குள் ஐந்து ஃபைனல் ஆடி ஐந்திலும் தோற்றவர்கள். ராசியில்லாத வீடு என்று நம் பக்கம் சொல்வோமே, அந்த ரகம்.

முதல் மேட்சில் 18 பாயின்ட் முன்னால் இருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு கடைசி ஐந்து செகண்டில் ஒரு பாயின்ட் பின்னால். ஒரு செகண்டுக்கும் குறைவாக இருக்கும்போது லிபர்ட்டியின் பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே, ஸ்கோர் சமம். இரண்டாவது போனால் ஜெயித்தார்கள். போகவில்லை. ஓவர்டைமில், அதாவது சமன் ஆனதால் கொடுக்கும் கூடுதல் நேரத்தில், தோற்றார்கள். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை இரண்டு தடவை வாங்கியவர், ஒலிம்பிக் தங்கம் வைத்திருப்பவர், அவருக்கே போகவில்லை.

அப்புறம் நேராக ஐந்தாவது மேட்ச். 2-2. ஐந்து செகண்ட் பாக்கி, லிபர்ட்டி இரண்டு பாயின்ட் பின்னால், மறுபடியும் அதே ஸ்டூவர்ட், அதே கோடு. இந்தத் தடவை இரண்டும் உள்ளே. 60-60. ஓவர்டைமில் 67-62, முதல் கோப்பை. அதே மேட்சில் லிபர்ட்டியின் சப்ரினா அயனெஸ்கு 19 ஷாட் போட்டார், ஒன்றுதான் உள்ளே போனது. இரண்டு மேட்சுக்கு முன்னால் தூரத்திலிருந்து மூணு பாயின்ட் போட்டு ஜெயிக்க வைத்தவரும் இவரேதான்!

முதல் மேட்சை முழுக்க, ஐந்தாவதை முழுக்க. நடுவில் ஒன்றும் சொல்லாதீர்கள் சார். முக்கியமாக "பார்த்தாயா, அவங்களும் மிஸ் பண்றாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அவளுக்குக் கண் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை 30

அக்கா, பந்து விஷயத்தில் சரண்டர். ஆனால் ஐந்தாவது மேட்சில் ஸ்டூவர்ட்டுக்கு ஃப்ரீ த்ரோ வாங்கித் தந்த அந்த ஃபவுல் ஃபவுலே இல்லை. லிங்க்ஸ் கோச்சே கொதித்துப்போனார். லெப்ரானை விட்டுக்கொடுத்ததற்கு இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் ரீபவுண்ட்

லேசாகத்தான் பட்டது, ஒத்துக்கொள்கிறேன். விசில் ஊதியாயிற்று தம்பி, பந்தைக் கையில் கொடுத்தால் போட வேண்டியதுதான்.

மணலி ஷிப்ட்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பந்தைத் திருப்பிப் பார்த்தேன். 7தான். வாங்கிக் கொடுத்தவன் நான்தான், பெரிய பந்தாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்ச் பார்த்தோம். தங்கச்சி பையன் தேடி எடுத்து டிவியில் போட்டுக் கொடுத்தான். என் அம்மாவும் உட்கார்ந்துவிட்டார், "ஏன்டா இத்தனை வாட்டி விசில் ஊதுறான்" என்று கேட்டபடி. அந்த இரண்டாவது ஃப்ரீ த்ரோ வந்தபோது மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். பந்து வெளியே போனது. நான் வாயைத் திறக்கவில்லை அக்கா, சத்தியமாக. அவள் ரிமோட்டை வாங்கிப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். நாலு தடவை. அப்புறம், "அப்பா, முட்டியை மடக்கவே இல்ல பாருங்க" என்றாள். எனக்கு அது மடங்கிய மாதிரிதான் தெரிந்தது, தலையை ஆட்டி வைத்தேன்.

ஐந்தாவது மேட்ச் அடுத்த ஞாயிறு. 6-ஆம் நம்பர் பந்து வாங்கியாயிற்று. கீழ் வீட்டுப் பெரியம்மாவிடம் எடை கம்மி, சத்தமும் கம்மியாகத்தான் வரும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை.