எந்தப் படம், எந்தப் பிரதி: ஆவணப்படம் போடுகிறவர்களின் அனுபவக் குறிப்புகள்

திரைச்சீலை:
ஆவணப்படம் பரிந்துரை என்றால் பத்துப் பெயரை அடுக்கிவிட்டுப் போவதுதான் வழக்கம். கூட்டத்தை உட்காரவைத்துப் போடும்போதுதான் வண்டவாளம் தெரியும்: கிடைத்தது வெட்டிய பிரதி, சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது, பாதிப் படம் இருட்டு. அதனால் படத்தின் பெயரோடு நிமிஷக் கணக்கு, எந்தப் பிரதி, யாருக்குப் போடலாம், எது சொதப்பும் என்பதையும் எழுதுங்கள்.

முதலில் நானே தொடங்குகிறேன். 'நானூக் ஆஃப் தி நார்த்', 1922, ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, சுமார் 79 நிமிஷம். கனடாவின் வடபகுதியில் இனுயிட் மக்களோடு எடுத்தது. பணம் போட்டது ரெவியோன் ஃப்ரேர் என்ற தோல், ரோம வியாபாரக் கம்பெனி. படம் போடுகிறவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். நானூக்காக வருபவரின் சொந்தப் பெயர் அல்லாகரியல்லாக். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாமல், ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்திலேயே அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, படத்துக்காக ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். கிராமபோன் தட்டைக் கடித்துப் பார்க்கும் காட்சியும் நடிப்புதான். கூட்டத்திடம் இதையெல்லாம் படம் முடிந்தபின் சொல்வது நல்லது. முன்பே சொன்னால் ஒவ்வொரு காட்சியிலும் பொய் தேடிக்கொண்டிருப்பார்கள், முகங்களைப் பார்க்க மாட்டார்கள்.

பிரதி விஷயம்: மௌனப்படம் வினாடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவான வேகத்தில் எடுக்கப்பட்டது. அதை அப்படியே 24-ல் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரித் துள்ளுவார்கள். பிற்காலத்தில் வர்ணனைக் குரல் சேர்த்துச் சுருக்கிய பிரதியும் சுற்றுகிறது. கோப்பின் நீளம் 79-க்கு வெகுவாகக் குறைந்திருந்தால் அது வேகம் கூடியது, இல்லை வெட்டியது. காப்புரிமை காலாவதியான படம், நல்ல பிரதி தேடினால் கிடைக்கும். முதலில் கண்ணில் பட்டதை இறக்காதீர்கள்.

பழைய ரீல்:
குறும்படத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு 'நைட் மெயில்', 1936, பிரிட்டிஷ் தபால்துறையின் படப்பிரிவு எடுத்தது, 24 நிமிஷம்தான். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் ஓடும் தபால் ரயில், ஓடும் ரயிலுக்குள்ளேயே கடிதம் பிரிக்கிறார்கள். தபால் பையை வெளியே தொங்கவிட்டுத் தண்டவாளத்தோர வலையில் மாட்டவைக்கும் இடம்தான் உயிர். எப்போது பையை நீட்டுவது என்று புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார் அனுபவஸ்தர்: இரண்டு பாலம் தாண்டணும், அப்புறம் சக்கரத் தட்டல் நாற்பத்தைந்து எண்ணணும். ஒரு வேலையின் நுணுக்கத்தை ஒரே காட்சியில் எப்படிக் காட்டுவது என்பதற்கு இதைவிடப் பாடம் இல்லை. கடைசிப் பகுதியில் கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் கவிதையும் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் இசையும் ரயில் தாளத்தில் சேரும்.

கடிதம் பிரிக்கும் பெட்டி ஸ்டுடியோவில் போட்ட செட். ரயில் ஆடுவது போலத் தெரிய, தொங்கவிட்ட ஒரு நூலின் அசைவைப் பார்த்து ஊழியர்கள் உடம்பை ஆட்டினார்கள். நிஜத் தபால்காரர்கள், நிஜ வேலை, பொய்ப் பெட்டி. ஃபிளாஹர்ட்டி பற்றிப் பேசும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

நம் பக்கத்தில் இந்த வரிசையில் வரவேண்டிய பெயர் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார். 1937-ல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது காந்தி பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் வந்தது. உலகமெங்கும் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்திப் படச்சுருள்களைச் சேர்த்தார். 1940-ல் தமிழ் விளக்கத்தோடு வெளியானது. படத்தின் நீளம் 12,000 அடி. 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், கணக்குப் போட்டால் இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இப்போது காந்தி படம் என்று கிடைப்பதில் பல, 1953-ல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சுருக்கிய வடிவம். அதைப் போட்டுவிட்டு 'செட்டியாரின் படம்' என்று அறிவிக்காதீர்கள். காட்சிகள் அவருடையவை, தொகுப்பும் குரலும் வேறு.

புதுவரவு:
நூலக ஹால், 40 பேர். பாதிப் பேருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆவணப்படம் என்றாலே பாடம் நடத்துவார்கள் என்று பயப்படுகிறவர்கள். எதில் தொடங்கலாம்?

மூன்றாம் வரிசை:
மொழியே வேண்டாத படத்தில் தொடங்குங்கள். 'மேன் வித் எ மூவி கேமரா', 1929, ஜிகா வெர்தோவ், 68 நிமிஷம். காட்சிகளுக்கு நடுவே வரும் இடையெழுத்து அட்டைகளே கிடையாது, அதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார். மாஸ்கோ, கீவ், ஒடெசா என்று பல ஊர்களில் எடுத்ததை ஒரே ஊரின் ஒரு நாள் போலக் கோத்திருக்கிறார். நடுவில் ஓடும் படம் உறைந்து நிற்கும், எடிட்டர் ஸ்விலோவா ஃபிலிமை வெட்டி ஒட்டுவது தெரியும், நின்ற முகம் மறுபடி சிரிக்கும். அந்த இடத்தில் ஹால் நிமிர்ந்து உட்காரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இசையைப் பார்த்து எடுங்கள். ஒரே படத்துக்கு ஏகப்பட்ட இசை இருக்கிறது. அலாய் ஆர்க்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு 1995-ல் போட்டது வெர்தோவ் விட்டுப்போன குறிப்புகளை வைத்துச் செய்தது. புதியவர்களுக்கு அதுதான் சரி. மைக்கேல் நைமன் இசை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படத்தைவிட இசை முன்னால் நிற்கும் என்பது என் கட்சி.

தமிழில் பேசும் படம் வேண்டும் என்றால் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', 2022. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி, குட்டி யானை ரகு. சுமார் 40 நிமிஷம், குழந்தைகளோடு பார்க்கலாம், ஆஸ்கர் வாங்கிய பெயரும் ஆள் சேர்க்கும். அழகு கொஞ்சம் அதிகம். காட்டுநாயக்கர் வாழ்க்கையின் கரடுமுரடு அதில் குறைவு. அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்முனையில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்', 2017. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 2013-ல் சட்டம் வந்த பிறகும் மதுரை, சென்னை, கோவை என்று எப்படி நடக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறது. இணையத்தில் இலவசமாக விடப்பட்ட படம். சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வேண்டாம், மாலை நான்கு மணிக்குப் போடுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஹாலைக் கையில் வைத்திருங்கள். விளக்கைப் போட்டு 'நன்றி, வணக்கம்' என்று அனுப்பிவிடும் படம் இல்லை அது.

ஒலிப்பெட்டி:
மூன்றாம் வரிசை சொன்னதோடு ஒன்று. அம்ஷன் குமார் எடுத்த 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி' தேசிய விருது வாங்கிய படம். தவிலுக்காகப் பார்க்கிற படத்தை லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டுக் கொல்கிறார்கள். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் கூடு விழும் சுள்ளென்ற சத்தம் மட்டும் வரும், கழி விழும் இடது பக்கமான தொப்பியின் கனம் வராது. 40 பேர் ஹாலுக்கு 10 அல்லது 12 அங்குல ஊஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய கூம்பு) உள்ள, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்ட் ஸ்பீக்கர் இரண்டு, காது உயரத்துக்கு மேலே ஸ்டாண்டில், திரைக்கு இரு பக்கமும். மிக்சரில் கல்யாண மண்டபம் மாதிரி எக்கோ, கூட்டிய பேஸ் எதுவும் வேண்டாம்.

லேப்டாப்பின் 3.5 எம்.எம். ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து எடுத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் சுற்றுக் கோளாறு. லேப்டாப், மிக்சர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பலகையில் செருகுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் டி.ஐ. பாக்ஸ் (இரைச்சலைப் பிரிக்கும் சின்னப் பெட்டி).

மூன்றாம் வரிசை:
அந்த இரைச்சலைப் 'படத்தின் ஒலி' என்று நினைத்து ரசித்த கூட்டமும் உண்டு, ஒலிப்பெட்டி அண்ணே.

எழுத்தோட்டம்:
சப்டைட்டில். தமிழில் நீங்களே எழுதிப் போடுவதுதான் நல்லது, 60 நிமிஷப் படத்துக்கு 700, 800 வரி வரும். சப்டைட்டில் இருக்கும் எஸ்.ஆர்.டி. கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியீடு (என்கோடிங்) யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தால் எல்லாம் கேள்விக்குறி. கட்டம் கட்டமாக வந்தால் கோப்பு சரி, எழுத்துருதான் கோளாறு: படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் எழுத்துருவை நிர்மலா யு.ஐ. அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள்.

முழுப் படத்துக்கும் எழுத்து ஒரே அளவு முந்திவந்தால் வி.எல்.சி.யில் எச் விசை, பிந்தினால் ஜி விசை, ஒரு தட்டலுக்கு 50 மில்லி செகண்ட். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் விசையைத் தட்டிப் பயனில்லை. படம் 25 ஃபிரேம், எழுத்து 23.976 ஃபிரேமுக்கு எழுதியது என்று அர்த்தம். 90 நிமிஷப் படத்தில் முடிவுக்கு வரும்போது மூன்றரை நிமிஷத்துக்கு மேல் விலகிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது, ஒரே சொடுக்கில் முடியும்.

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கில வரி திரையில் நிற்கும் நேரத்தில் தமிழ் வரியை வாசிக்க முடியாது. பேசியதையெல்லாம் எழுதாதீர்கள், மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வினைச்சொல் அடுத்த சப்டைட்டிலுக்குத் தள்ளிப்போனால் வாசிப்பவர் தொங்கிக்கொண்டிருப்பார், வாக்கியத்தை அந்தச் சப்டைட்டிலிலேயே முடியுங்கள்.

திரைச்சீலை:
எழுத்தையே நம்பியிருக்கும் படம் ஒன்று: 'ஹனிலேண்ட்', 2019, வடக்கு மாசிடோனியா. மலையில் தேனெடுக்கும் ஹதிஜே, படுத்த படுக்கையான தாய், பக்கத்தில் வந்து குடியேறும் குடும்பம். பாதித் தேன் எனக்கு, பாதி உங்களுக்கு என்று தேனீயிடம் சொல்லிவிட்டு எடுப்பார். மூன்று வருஷம், 400 மணி நேரக் காட்சி. பேசுவது துருக்கி மொழி, இயக்குநர்களுக்கே அது தெரியாது. அதனால் பேச்சை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து முதலில் தொகுத்தார்கள். எழுத்து நின்றுபோனாலும் முக்கால்வாசி புரிவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இந்தப் படம் புரொஜெக்டரைச் சோதிக்கும். அந்த ஊரில் மின்சாரம் இல்லை. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஜன்னல் வெளிச்சம், மெழுகுவர்த்தி. மங்கலான புரொஜெக்டரில் தாயின் முகமே தெரியாது. 'ஆல் தட் ப்ரீத்ஸ்' படமும் அப்படியே, தொடக்கமே டெல்லி இரவில் எலிக் கூட்டம். 'நைட் மெயி'லின் இரவுக் காட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8 அடி அகலம், நாலரை அடி உயரத் திரை என்றால் 36 சதுர அடி. புரொஜெக்டரின் வெளிச்சம் 3,000 ஆன்சி லுமென் (ஆன்சி என்பது அளக்கும் தரமுறை) இருந்தால் ஜன்னலை அடைத்த ஹாலில் தாராளம். பெட்டியில் 9,000 லுமென் என்று போட்டு மலிவாக விற்கும் எல்.ஈ.டி. பெட்டிகளில் ஆன்சி கணக்கு 200, 300-தான் இருக்கும். 'ஆன்சி' என்ற சொல் இல்லாத லுமெனை எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரகாசமான மோடில் பச்சை அடிக்கும், சினிமா மோடில் நிறம் சரியாகும், வெளிச்சம் குறையும். சாய்ந்து விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நம்பாமல் மேசையை நகர்த்துங்கள், கீஸ்டோன் போட்டால் எழுத்தின் ஓரம் பிசிறும். திறோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 8 அடிப் படத்துக்கு 12 அடி தூரம். பொதுவாக அந்த இடத்தில்தான் இரண்டாம் வரிசை நாற்காலி இருக்கும், கூட்டம் வருவதற்கு முன் பாருங்கள்.

பழைய ரீல்:
'நைட் அண்ட் ஃபாக்' பற்றி யாரும் சொல்லவில்லையே. 1956, அலென் ரெனே, 32 நிமிஷம். நாஜி வதைமுகாம்கள் படம் எடுத்தபோது இருந்த நிலை வண்ணத்தில், போர்க்கால ஆவணங்கள் கறுப்பு வெள்ளையில். முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுப் போலீஸ்காரரின் தொப்பியை மறைக்கும்படி தணிக்கை சொன்னது, பிற்காலப் பிரதிகளில் தொப்பி திரும்பி வந்தது. ஒரே காட்சியில் ஒரு தொப்பிக்காக நடந்த சண்டை, தணிக்கை பற்றி வகுப்பெடுக்க இது போதும். பிணக்குவியலை இயந்திரம் தள்ளும் காட்சி இருக்கிறது, சிறுவர்களுக்கு வேண்டாம். நேரம் இருக்கிறதே என்று இதன் பின்னால் இன்னொரு குறும்படத்தை ஒட்டாதீர்கள்.

கடைசிப் பெஞ்சு:
அனுமதி. சந்தா கட்டி வீட்டில் பார்க்கும் கணக்கை வைத்து ஹாலில் போடக் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்கள் சிலவற்றுக்கு ஒரு தடவை கல்வித் திரையிடல் அனுமதி தருகிறது. படத்தின் விவரப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும், டிக்கெட், நன்கொடை கூடாது. அனுமதி இருந்தும் திரை கறுப்பாகிச் சத்தம் மட்டும் வந்தால் எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புப் பூட்டு: நடுவில் இருக்கும் பழைய ஸ்ப்ளிட்டரைக் கழற்றி லேப்டாப்பிலிருந்து நேரே செருகுங்கள். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனாலும் படம் விட்டு விட்டு வரும்.

பொதுத் திரையிடலுக்குச் சென்சார் சான்று வேண்டும் என்பது 1952 சினிமாட்டோகிராஃப் சட்டம். ஆவணப்படத்துக்கும் அதேதான். ஆனந்த் பட்வர்தனின் 'வார் அண்ட் பீஸ்' 2002-ல் வெட்டுகள் கேட்கப்பட்டு நீதிமன்றம் போய், ஒரு வெட்டும் இல்லாமல் வெளியே வந்தது. தனியாரின் படம் என்றால் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாள், இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா என்ற நான்கையும் அதிலேயே எழுதிவிட்டால் பதில் சீக்கிரம் வரும். பலர் நல்ல கோப்பையே அனுப்பிவைப்பார்கள்.

அந்தக் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருந்தால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது, பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
வெர்தோவ் என்று முடிவு. அலாய் ஆர்க்கெஸ்ட்ரா பிரதி, 68 நிமிஷம் சரிபார்த்தாயிற்று. திரை 8 அடி.

ஒலிப்பெட்டி:
முடிந்ததும் புரொஜெக்டரை ஆஃப் செய்து விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க விடாதீர்கள். நாற்காலி அடுக்க வரும் ஆள் முதலில் அதைத்தான் பிடுங்குவார்.